பொம்மைக்கு ஒரு புருஷன்

தாதியர் பயிற்சிக்கு நாங்கள் வைத்திருக்கும் பொம்மைக்கு நாடி துடிக்கும், மூச்சு வாங்கும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மறு அறையில் இருந்து நான் மைக்கில் பேசினால் அதுவும் பேசும். இல்லாதது சொந்தக்காரர் மட்டும்தான். அதையும் நான் சேர்த்தேன். மாரடைப்போடு வரும் நடுத்தர வயதுப் பெண்ணாகப் பொம்மை; பக்கத்தில் கணவராக ஓர் ஆண் தாதி, கையில் சோடாப் போத்தல். தாதியர் விவரம் கேட்பது நோயாளியிடமா, கணவரிடமா என்பதுதான் என் முதுமாணிப் பட்ட ஆய்வு.

மேற்பார்வையாளர் ஒரு வைத்திய நிபுணர். திட்டத்தைப் படித்துவிட்டுப் பேனையை மூடினார்.

"மனுசனை எடுத்துவிடுங்கோ. உது ஆய்வில்லை, நாடகம். அவர் இடையில கதைச்சா எதை அளக்கிறது?"

"அதைத்தான் சேர் அளக்கிறன்."

"எடுத்தாத்தான் கையெழுத்து."

கையெழுத்து இல்லாவிட்டால் என் படிப்பு அதோடு நின்றுவிடும். ஆனாலும் பயத்தைவிடக் கோபம்தான் கூட வந்தது. சாவகச்சேரி ஆஸ்பத்திரி விடுதியில் வேலை செய்த காலம் முழுக்க, தனியாக வந்த பெண் நோயாளியை நான் கண்டதே அரிது. கேள்வி அவளுக்கு, பதில் கணவருடையது. அவரை எடுத்துவிட்டு எழுதினால் ஆய்வு அழகாக இருக்கும், எங்கள் விடுதி அதில் இருக்காது. கணவருக்கு இன்னும் இரண்டு வரி வசனம் கூட்டி எழுதிக்கொண்டு திரும்பவும் போனேன்.

"ஒருக்கா நீங்களே வந்து செய்து பாருங்கோ, சேர். பிறகு எடுக்கச் சொல்லுங்கோ."

வந்தார். கட்டிலருகே நின்று கணவரைப் பார்த்துக் கேட்டார்: "எப்ப தொடங்கினது?"

"காலமை, டொக்டர். புட்டுச் சாப்பிட்டவ. வாயுத்தான். சோடா குடுத்தனான்."

"ஐயா, எனக்கு இடக்கையும் உளையுது" என்றேன் நான் மைக்கில்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று பொம்மையிடம் சொல்லிவிட்டு, மறுபடி கணவரிடம் திரும்பினார். "முந்தியும் இப்பிடி வந்ததோ?"

நான் துடிப்பை நிறுத்தினேன்.

திரையில் நேர்கோடு ஓடியது. அவர் அதைப் பார்த்தார், பிறகு சோடாப் போத்தலைப் பார்த்தார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தேன்.

"மனுசனை எடுக்கிறதோ, சேர்?"

அவர் என் திட்டத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். பிறகு, "பேனை இருக்கோ?" என்று கேட்டார்.

நான் பேனையோடுதான் வந்திருந்தேன்.