ஒரே வயரில் இரண்டு டிஸ்க்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்டைக்காட்டில் ஓலைச் சாய்ப்பில் ஒற்றைக் கேமராவோடு ஸ்டுடியோ தொடங்கினேன். கான்கிரீட் போட்டேன், வீடியோ கொண்டுவந்தேன், யாரும் நினைக்காத காலத்தில் கம்ப்யூட்டரும் கொண்டுவந்தேன். இந்தக் கடற்கரையில் நான் எடுக்காத கல்யாணமும் இல்லை, அடக்கமும் இல்லை. மகளை இன்ஜினியருக்குக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளையை ஸ்டுடியோவிலேயே சேர்த்துக்கொண்டேன். அது ஒன்றுதான் பிசகு.

இனயத்தில் ஒரு அம்மை இறந்தபோது அவள் மகன் துபாயில். லீவு கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் அடக்கத்தை வீடியோ எடுப்பதே இப்படி வரமுடியாத பிள்ளைகளுக்காகத்தான். எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அந்த டேப்பிலேயே மறுநாள் மாப்பிள்ளை ஒரு கல்யாணத்தை எடுத்து வைத்தார். மிச்சம் கம்ப்யூட்டரில் கிடந்தது மட்டும். மகன் ஊருக்கு வந்து கேட்டபோது, அதை டிவிடியாக்க கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் இடமில்லை.

“டேப்பு கெட்டுப்போச்சின்னு சொல்லிருவோம் மாமா. அவரு என்ன கம்ப்யூட்டர தொறந்து பாக்கவா போறாரு?”

நானே பஸ் ஏறி நாகர்கோவில் போய் நூற்றறுபது ஜிபி டிஸ்க் வாங்கி வந்தேன்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் திறந்தார். உள்ளே செத்த பல்லி, கரப்பான் முட்டை, உப்புக்காற்றில் பிசுபிசுத்த தூசி. தினமும் இவர் உட்கார்ந்து வேலை செய்கிற இடம்! மூக்கைப் பொத்திக்கொண்டே டிஸ்கை மாட்டினார். திரை கறுப்பாகவே நின்றது. பழைய டிஸ்கும் தெரியவில்லை.

“இது பழசு மாமா. இவ்வளவு பெரிய டிஸ்க்க தாங்காது. புதுசு வாங்கணும்.”

“அப்போ அந்த அம்மை?”

“நம்ம கையில என்ன இருக்கு?” என்று சாயா குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும், அதுதானே பிழைப்பு. டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் கம்பெனிக்காரன் பின்பக்கத்து ஊசிகளை வரைந்திருந்தான். நகத்தளவு பிளாஸ்டிக் மூடி ஒன்று. அது எந்த ஊசியில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க். பழையதைப் பார்த்தேன், புதியதைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வயரில், இரண்டிலும் மூடி ஒரே இடத்தில்.

மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளய மேடையில உக்கார வச்சா தாலி யாருவே கெட்டுவா?” என்றேன்.

“அது… நானே பாக்கணும்னு இருந்தேன் மாமா.”

“பாத்துக் கிழிச்சீரு.”

புதிய டிஸ்கின் மூடியைக் குறட்டால் எடுத்து நானே மாற்றிப் போட்டேன். திரை விழித்தது. நூற்றறுபதில் நூற்றிருபத்தேழுதான் காட்டியது. பழைய கம்ப்யூட்டருக்கு அதுவரைதான் எண்ணத் தெரியுமாம். போதும். கல்லறைத் தோட்டம் வரைக்கும் முழு அடக்கமும் டிவிடியில் ஏறியது.

மகன் கடையிலேயே நின்று பார்த்து அழுதான். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்ஜினியர் சாரே, உங்களாலதான் எங்க அம்மைய கடைசியா பாத்தேன்” என்றான். இவர் வெட்கமில்லாமல் சிரித்தார். டிவிடி உறையிலும் ‘தொழில்நுட்பம்’ என்று இவர் பெயர்.

அந்த உறை இன்னும் இனயத்தில் அந்த வீட்டில் இருக்கிறது. மாப்பிள்ளே, இதை வாசிப்பீர். நீரே அங்கே போய், உம்முடைய பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி வாரும். மூடியை மாற்றிப் போட்டது நான்.