மூன்று கோட் பெயின்ட்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்குக் காரில் அரை மணி நேரம். போன சனிக்கிழமை அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு மரியதாஸ் மாஸ்டர் குடும்பத்தோடு ஒரேயடியாக இந்தியாவுக்கே போகிறார். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சாமான்களோடு தோட்டத்து லொறியில். மாஸ்டர் மட்டும் என் காரில். பதினெட்டு வருஷப் பேச்சின் மிச்சத்தை வழியில் பேசிவிடுவதாக ஏற்பாடு.

காலை 6.05. சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றுகிறது... பற்றவில்லை.

பழைய ஜப்பான் கார்தான். ஆனாலும் பிளக்கில் பொறி விழவைக்கும் பாயிண்ட் இதில் கிடையாது. அந்த வேலையைச் சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்று செய்கிறது. வரிசையாகப் பார்த்தேன். பெட்ரோல் வருகிறது. கொயிலுக்குக் கரண்ட் வருகிறது. பிளக்கைக் கழற்றி என்ஜினில் வைத்துப் பார்த்தால் பொறி இல்லை. ஏன்?

லொறி ஹோர்ன் அடித்தது.

"கிளாக்கரய்யா, நீங்க ஆபீஸ்ல செக்ரோல்ல ஒவ்வொரு பேரா பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருந்தா நான் ராமேஸ்வரமே போய்ச் சேந்துருவேன்" என்றார் மாஸ்டர்.

"பத்து நிமிஷம் குடுங்க மாஸ்டர்."

"நான் குடுப்பேன். ரயிலு குடுக்காதுங்களே."

6.40க்கு லொறியில் ஏறினார். வளைவு வரை கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன் — கையில் பிளக்கோடு.

சொல்லி அனுப்பி, லிந்துலை கராஜிலிருந்து அந்தோனி வந்தபோது மணி எட்டு. ரயில் போயிருக்கும். அவர் அந்தப் பெட்டியைக் கழற்றித் திருப்பினார்.

"இதுக்கு அடியில யாருங்க பெயின்ட் அடிச்சது?"

"நான்தான். பனியில துரு புடிக்குதுன்னு..."

"பெட்டி காரு பொடித் தகட்டோட ஒட்டினாத்தாங்க எர்த் கெடைக்கும். நடுவுல பெயின்ட் இருந்தா எப்படிப் பத்தும்? ஸ்க்ரூவைக்கூட விட்டு வைக்கலையே. ரெண்டு கோட்டுங்களா?"

"மூணு."

பெயின்டைக் கத்தியால் சுரண்டிவிட்டுப் பெட்டியைத் திரும்பப் பூட்டினார். உடனே ஸ்டார்ட்.

மாஸ்டரை ஏற்றிப்போகும் கார் நடுவழியில் நிற்கக்கூடாது என்றுதான் வியாழக்கிழமை அதையெல்லாம் கழற்றித் துடைத்தேன். அன்று மாலை அவர் வேலியோரம் வந்து நின்றார். "கொஞ்சம் வேலையா இருக்கேன் மாஸ்டர், சனிக்கிழமை பேசிக்குவோம்" என்றேன். மூன்றாவது கோட் பாக்கியிருந்தது. சற்று நின்றுவிட்டுப் போனார்.

ஈரம் படாமல், தூசி படாமல் எத்தனை கவனமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம். ஒட்ட வேண்டிய இடம் எதுவென்று மட்டும் பார்ப்பதில்லை.

இருந்தாலும் நானுஓயா வரை ஓட்டினேன். பிளாட்பாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கார் இப்போது முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. எங்கே போவதென்றுதான் தெரியவில்லை.