ஏழாம் லொட்டில் ஓடிய தண்ணீர்

பங்குனி மாத முதற் செவ்வாய், காலை ஒன்பதேகால். பிரதேச சபையில் என் மேசைமீது மகேஸ்வரி அக்கா தன் காணி உறுதிப் பத்திரத்தை விரித்து வைத்தார். சுன்னாகத்துக்குக் கிழக்கே ஆறு பரப்புக் காணியில் வெங்காயம் செய்பவர். பக்கத்துத் தோட்டத்தை வாங்கியிருந்த சிவநேசன் அதைப் பதினான்கு லொட்டுகளாக, அதாவது வீட்டுத் துண்டுகளாகப் பிரிக்க விண்ணப்பித்திருந்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தரான நான்தான் இடம் பார்த்து, 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதியவன். வியாழன் திட்டமிடல் குழு கூடும். அனுமதி கிடைத்தால் மதில் எழும்பும்.

"மதில் வந்தால் என்ரை தோட்டத்துக்குத் தண்ணி இல்லை, தம்பி."

இரு தோட்டத்துக்கும் பொதுவான பங்குக் கிணறு சிவநேசனின் காணிக்குள் இருந்தது. மூன்று நாளுக்கொருமுறை அக்காவின் இறைப்பு முறை. தண்ணீர் அந்தக் காணியைக் கடந்துதான் வரவேண்டும். பிளானில் வாய்க்கால் இல்லை, நானும் காணவில்லை என்றேன்.

"எப்ப வந்து பாத்தனீங்கள்?"

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். கார்த்திகை. நல்ல மழை.

"மாரியிலை ஆர் தம்பி வெங்காயத்துக்கு இறைக்கிறது? புல்லைப் பாத்திட்டுப் போயிருக்கிறியள்."

சிவநேசனின் உறுதியைக் கோப்பிலிருந்து எடுத்தேன். கடைசி வரியில் 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என்று இருந்தது. அக்காவின் உறுதியிலும் அதே வரி; கிணறும் வாய்க்காலும் இருவருக்கும் உரியவை என்று பொருள். எங்கள் பக்கத்து உறுதிகள் பெரும்பாலானவற்றில் வரும் வரி. வழக்கமான வாசகம்தானே என்று நான் வாசிக்காமலே விட்டிருந்தேன்.

பிழை என்னுடையது என்று சபைத் தலைவரான தவிசாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். வியாழன் அக்காவின் முறைநாள். கூட்டத்தைத் தோட்டத்திலேயே வைக்கக் கேட்டேன், சம்மதித்தார்.

அங்கே சிவநேசன் விட்டுக்கொடுக்கவில்லை. வாய்க்காலைக் காட்டி, "உது நேற்று மண்வெட்டியாலை இழுத்த கோடு" என்றார். நான் கிணற்றுத் தொட்டியைக் காட்டினேன். பாசி படிந்த பழைய சீமெந்துத் தொட்டி. அதன் வாய் அக்காவின் தோட்டத்தைப் பார்த்தே கட்டப்பட்டிருந்தது. அக்கா இறைப்பு மிஷினை இயக்கினார். தண்ணீர் தொட்டியை நிரப்பி, வாய்க்காலில் இறங்கி, ஏழாம் லொட்டின் எல்லைக்கல்லைச் சுற்றிக்கொண்டு வெங்காயப் பாத்திக்குள் போனது.

சிவநேசன் தன் உறுதியை வாங்கிக் கடைசி வரியை இருமுறை வாசித்தார். "அப்ப என்ரை ஏழாம் லொட்?"

அதற்கும் விடை கொண்டுபோயிருந்தேன். காணியின் நடுவே போட்டிருந்த இருபதடிப் பாதையை வாய்க்கால் ஓரமாக நகர்த்தினால், பாதைக் கரையிலேயே தண்ணீர் ஓடும், கிணறு பாதை முடிவில் பொதுவாக நிற்கும். துண்டுகள் கொஞ்சம் ஒடுங்கும், ஆனால் பதினான்கும் நிற்கும். நாடா பிடித்து அளந்து காட்டினேன்.

சிவநேசன் சிரித்துவிட்டார். "வாங்கிறவைக்கு வாசலிலை ஆறு ஓடுது எண்டு சொல்லி விக்கலாம்."

"சொல்லுங்கோ. ஆனால் ஆத்திலை குப்பை போடவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

திருத்திய பிளானில் இரண்டாம் தரம் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதினேன். இம்முறை வாய்க்கால் கரையில், நனைந்த சப்பாத்தோடு நின்று எழுதினேன். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை எந்தத் தோட்டக் காணியையும் மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பாராமல் நான் கையெழுத்து வைத்ததில்லை. உறுதியைக் கையில் எடுத்தால் கடைசி வரியைத்தான் முதலில் வாசித்தேன்.