கரடி நடவு

நீடாமங்கலம் கடைத்தெருவில் இருபது வருஷத்துக்கு மேலாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறேன். அந்தச் சான்றிதழின் கீழேயே உட்கார்ந்து, ஒருநாள் ஒன்பது வைட்டமின் மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்துத் தின்றேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். முழுக்கப் படித்துவிட்டு நினைத்தால் போதும்.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. என் கடைக்கு வாடிக்கையாக வரும் தமிழரசியின் குடும்பம், அவள் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம். அவள் அண்ணன் குமரன் நியூ ஜெர்சி போன பிறகு சொந்தமாக நிலம் வாங்கினார்கள். அந்த வருஷம் குறுவை நடவு சமயத்தில் குமரன் விடுமுறைக்கு வந்திருந்தான்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபாரின் மிட்டாய் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். கொடுக்காத வீட்டைப் பற்றிப் பேச்சு வரும். எனவே தமிழரசி, ஒரு காகிதத்தில் மடித்த கரடி உருவ மிட்டாய்களோடு காலையிலேயே கடைக்கு வந்துவிட்டாள். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று நிறத்துக்கொரு கரடி.

"அண்ணன் வந்திருக்காங்கண்ணே. எடுத்துக்குங்க. தெருவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான்."

வாயில் போட்டேன். இனிப்புக்குப் பின்னால் துருப்பிடித்த ஆணியின் ருசி வந்தது. மருந்தாளுநர் என்ற முறையில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெள்ளைக்காரனின் நாக்கு வேறு மாதிரி என்று அவளுக்கு விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டு, மிச்சத்தையும் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன்.

மதியம் கடை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே தமிழரசி, அவள் மடியில் மூன்றரை வயது மகன் பாரதி. குமரன் ஒரு காலி பாட்டிலோடு குதித்து இறங்கினான்.

"சார், இது மிட்டாய் இல்ல சார். மல்டிவைட்டமின். இவனுக்குன்னு வாங்கிட்டு வந்தது. மிட்டாய் மாதிரி இருக்கும், புள்ள அழாம சாப்பிடுவான்னு சொன்னேன். தங்கச்சி காதுல மிட்டாய்ங்கறது மட்டும்தான் விழுந்திருக்கு."

அது அமுக்கித் திருகினால் திறக்கும் பாட்டில். குழந்தை திறக்கக் கூடாது என்பதற்காகவே செய்த மூடி. அதைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் தமிழரசி சும்மா மேலே கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் பாட்டில் காலி, பக்கத்தில் பாரதி.

லேபிளைப் படித்தேன். இரும்புச் சத்து சேர்ந்தது என்று போட்டிருந்தது. என் ஆணி ருசிக்குக் காரணம் தெரிந்தது. சின்னக் குழந்தை இரும்பு மாத்திரையை மொத்தமாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஷட்டரை இழுத்துவிட்டு நானும் ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாரதியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாந்தி இல்லை. அவன் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எத்தனை தின்றான் என்ற கேள்விக்குத் தமிழரசியிடம் அழுகைதான் பதில். டாக்டரம்மா பையனிடமே கேட்டார்.

"கரடியெல்லாம் எங்கடா தங்கம்?"

"நட்டாச்சு."

"என்ன?"

"நட்டாச்சு. தண்ணி உட்டாச்சு."

தமிழரசியின் அழுகை சட்டென்று நின்றது. "வயல்ல நடவு நடக்குதுங்கம்மா. ரெண்டு நாளா வரப்புலயேதான் கிடந்தான். இன்னிக்குத்தான் வீட்டுல விட்டுட்டுப் போனேன்."

குமரன் அதே ஆட்டோவில் வீட்டுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் சேறு படிந்த கரடிகள். கொல்லைக் குழாயடிச் சேற்றில் சின்னதாக வரப்புக் கட்டி, உள்ளே வரிசை பிடித்துக் கரடிகளை நட்டிருக்கிறான் மருமகன். கால் பக்கம் கொஞ்சம் கரைந்திருந்தாலும் தலை எண்ண முடிந்தது. நர்ஸ் செய்தித்தாளை விரித்து எண்ணினார். லேபிளில் அறுபது. தாளில் ஐம்பத்தொன்று.

"ஒன்பது குறையுது," என்றார் டாக்டரம்மா.

"மெடிக்கல் அண்ணனுக்குக் கொஞ்சம் குடுத்தேங்க. எண்ணலை," என்றாள் தமிழரசி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரனுக்கும் மானம் உண்டு. "ரெண்டு மூணு இருக்கும்," என்றேன்.

"அப்ப ஆறேழு புள்ள வயித்துல இருக்கலாம். அதுக்கு வைத்தியம் பண்ண இங்க வசதி பத்தாது. தஞ்சாவூருக்கு எழுதித் தர்றேன், வண்டி சொல்லுங்க."

தமிழரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் என் மானத்துக்கு அங்கே இடமில்லை.

"ஒன்பதும் நான்தான் டாக்டர்."

"நிச்சயமா?"

"காகிதத்தை நக்கினது வரைக்கும் ஞாபகம் இருக்கு."

தரையில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, "ஒன்பதுமாண்ணே?" என்றாள். கண்ணில் நீர் காயவில்லை, சிரிப்பு பீறிட்டுவிட்டது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையனைச் சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருக்கச் சொன்ன டாக்டரம்மா, என்னிடம், "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் காலையில கறுப்பாப் போனா பயந்துகிட்டு இங்க ஓடி வராதீங்க," என்றார்.

சந்தோஷத்தில் குமரன் பையிலிருந்து இன்னொரு குட்டிப் பாட்டிலை எடுத்தான். ஃப்ளோரைடு மாத்திரை. நியூ ஜெர்சியில் அவர்கள் குடிப்பது வீட்டுக் கிணற்றுத் தண்ணீராம். அதைப் பரிசோதித்துப் பார்த்து ஃப்ளோரைடு குறைவு என்று அவன் பிள்ளைகளுக்குப் பல் டாக்டர் எழுதிக் கொடுத்தது. மருமகன் பல்லுக்கும் ஆகட்டும் என்று கொண்டுவந்திருக்கிறான். உங்கள் வீட்டு போர் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். யாரும் பார்க்கவில்லை. தண்ணீரிலேயே போதிய அளவு இருந்து, மேலே மாத்திரையும் கொடுத்தால் பல்லில் திட்டுத் திட்டாகக் கறை விழும், ரொம்ப அதிகமானால் எலும்பையும் கெடுக்கும் என்றார்.

"மண்ணைப் பரிசோதிக்காம உரம் போடற மாதிரி," என்று நான் சேர்த்துக்கொண்டேன். அன்று நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

தமிழரசி பாட்டிலை அண்ணன் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டாள். "வேணாம்ணே. போன வருஷம் யூரியாவை அள்ளி வீசி, பயிர் பூரா சாஞ்சது போதும்."

மறுநாளிலிருந்து என் கடையில் சில பழக்கங்கள் மாறின. 'மிட்டாய் மாதிரி இருக்கும், குடுங்க' என்பது அதுவரை நானும் சொல்லிவந்த விற்பனை வசனம்தான். நிறுத்திவிட்டேன், மருந்தை மருந்து என்றே சொல்கிறேன். வைட்டமின் கேட்டு வந்தால், டாக்டர் சொன்னாரா, வேறு என்ன டானிக் கொடுக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டு பாட்டிலுக்குள்ளும் ஒரே சத்து இருக்கலாம். ஏ, டி இரண்டும் அளவு மீறினால் உடம்பில் தங்கிக் கெடுதல் செய்யும். சொட்டு மருந்தென்றால் அந்தந்தப் பெட்டியில் வரும் டிராப்பரால்தான் அளக்க வேண்டும், வீட்டு ஸ்பூனால் கூடாது. ஃப்ளோரைடு என்றால் தண்ணீர்ப் பரிசோதனையும் பல் டாக்டர் சீட்டும் வேண்டும். பேஸ்ட் கூட, பல் முளைக்கும் குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு. இதை எங்கள் ஊரில் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை. மூடியைப் பூட்டிக் காட்டி, பரண் உயரத்தில் வைக்கச் சொல்லித்தான் பாட்டிலைக் கையில் கொடுக்கிறேன்.

நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்த பிறகு, இருமல் மருந்துக்காகத் தமிழரசி பாரதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொல்லையில் ஒரு கரடிகூட முளைக்கவில்லை என்று அவன் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அவனுக்காக மேல் தட்டிலிருந்து மருந்தை எட்டி எடுத்தேன். சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. பையன் என் தொப்பையை நன்றாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னான்:

"மாமாவுக்கு மட்டும் முளைச்சிருச்சும்மா."