இரண்டு பேர் இல்லாமல் அவிழாத தோணி

எங்கள் விளையாட்டில் ஓர் ஆறு இருக்கிறது. அதை வடிவமைத்தவள் நான். ஆற்றைக் கடக்க ஒரு தோணி, தோணி புறப்பட ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் வெவ்வேறு ஊர்களில் போனையோ கணினியையோ பார்த்துக்கொண்டிருக்கும் உண்மையான மனிதர்கள். ஒருவர் வாள்வீரராக, இன்னொருவர் வைத்தியராக, மற்றொருவர் திருடராக வேடம் போட்டுக்கொண்டு அந்த உலகத்துக்குள் திரிவார்கள். நான்கு பேர் வந்து ஐந்தாமவர் வரவில்லையென்றால் தோணித்துறையில் காத்து நிற்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பை எடுத்துவிடச் சொன்ன நாளில்தான் வேலையிடத்தில் முதன்முறையாக எதிர்த்துக் கதைத்தேன்.

எங்கள் அலுவலகம் கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வாடகை வீட்டின் மேல்மாடி. ரயில் போகும்போது பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பணம் போட்ட வெளிநாட்டுப் பங்காளிகளுக்காக ஒன்லைன் விளையாட்டு ஒன்றை ஆறு வருடங்களாக நடத்தி வந்தோம். மனிதர்கள் ஆடாத பாத்திரங்களுக்கு வசனம் எழுதுவதும் என் வேலைதான். கடைக்காரனுக்கு மூன்று வசனம், காவல்காரனுக்கு இரண்டு. யார் என்ன கேட்டாலும் அவர்கள் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள்.

பிறகு துணையாட்கள் வந்தார்கள். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும், கூடவே நடந்து வரும், சண்டையில் உதவும் இயந்திரப் பாத்திரங்கள். வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லோருக்கும் அண்ணா. ஒரு காலைக் கூட்டத்தில் அவர் திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"இனி ஒருத்தரும் காத்து நிக்கத் தேவையில்லை. ஆள் குறைஞ்சா துணையாள் வந்து ஏறும். அதுகளுக்கு நீர்தான் குணம் எழுதப்போறீர்."

"அப்ப துறையில ஆர் நிப்பினம்?" என்று கேட்டேன்.

"ஏன் நிக்கவேணும்?"

"நிக்கிறதுக்குத்தானே அந்தத் துறையைச் செய்தனான். அதை நான் எடுக்கமாட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை என்பது அவருக்கு மட்டும் விளங்கியது.

ஆனால் துணையாட்களை எழுத மறுக்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. நான்கு பேரை எழுதினேன், இரண்டு மாதம் ஆசையாகத்தான் எழுதினேன். அவர்களில் ஒருத்தி தமிழில் கதைப்பாள். நான் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு நான் எழுதாததையெல்லாம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அவளிடம் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம், கோயிலுக்குத் தெற்கா வடக்கா, ஆருடைய மகள். எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள்.

"அப்பிடி ஒரு வீடு அங்கை இல்லை," என்றார் அம்மா போனைத் திருப்பித் தந்து. "முழுப் பொய். ஆனால் நல்ல மரியாதையாச் சொல்லுறாள்."

வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க, கொழும்பில் இருக்கும் விளையாட்டுக்காரர்கள் சிலரை ஒரு சனிக்கிழமை வரவழைத்தோம். அவர்களில் ஒருத்தி காலி வீதியில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்பவள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள், நாற்பதை நெருங்கும் வயது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் விளையாடுவாளாம். துணையாட்களோடு ஆற்றை ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டாள். எப்படி இருந்தது என்று அண்ணா கேட்டார்.

"நல்லா இருக்குங்க சார். வெரசா முடிஞ்சிருச்சு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா தொறையில யாருமே இல்லீங்களே."

"யாரைத் தேடினீங்க?" என்று நான் கேட்டேன்.

"போன வருசம் ஒரு நாளு அஞ்சாவது ஆளு வரவே இல்லீங்க. நாலு பேரும் நின்னுக்கிட்டே இருந்தோம். ரெண்டு பேரு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் மட்டக்களப்புல ஒரு அக்காவும் மட்டும் பேசிக்கிட்டு நின்னோம். அவங்க நர்ஸு. பொறகு எங்கம்மாவுக்குக் கால்ல புண்ணு வந்தப்ப அவங்கதான் போன்ல சொல்லிச் சொல்லிக் கட்டுப்போட வச்சாங்க. ஆஸ்பத்திரிக்கு எப்ப கூட்டிட்டுப் போகணும்னு சொன்னதும் அவங்கதான்."

அண்ணா பொறுமையாகச் சொன்னார்: "இப்பவும் நீங்கள் ஆக்களோட விளையாடலாம். நாங்கள் ஒண்டையும் தடுக்கேல்லை."

"தடுக்கலீங்க சார். ஆனா யாரு நிப்பாங்க? அந்தப் பொம்ம வந்தோடன நானே ஏறிட்டேனே."

இரண்டு மாதமாக எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். சோதனை அறிக்கையில் அதை அப்படியே எழுதினேன். அறிக்கை அண்ணாவின் கையால் திரும்பி வந்தபோது அந்தப் பந்தி இல்லை.

"அது ஒரு ஆளின்ர கதை," என்றார். "அது தரவு ஆகாது."

அடுத்த வாரம் பங்காளிகளோடு வீடியோவில் கூட்டம். அண்ணா அறிக்கையை வாசித்து முடித்தார். வேறு ஏதாவது உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். "ஒரு பந்தி விடுபட்டிருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் ரயில் வந்தது. வழக்கம்போல எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அந்த அரை நிமிடம் முழுக்க அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தேன்.

கூட்டம் முடிந்த பிறகு அவர் கதவைச் சாத்தினார்.

"நீர் என்னை வெக்கப்படுத்திப்போட்டீர்."

"நீங்கள் அந்த மனுசியை வெட்டி எறிஞ்சனீங்கள்."

"வேலை முடிஞ்சு, வீட்டுக்குப் போய், இருபது நிமிசம்தான் கிடைக்குது ஒரு ஆளுக்கு. அவரைப் பிடிச்சுத் துறையில நிப்பாட்ட உமக்கு என்ன உரிமை?"

கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கேள்வியோடுதான் தொங்கிக்கொண்டு போனேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐந்து பேர் என்பது அதிகம்தான். அப்படியென்றால் எத்தனை பேர்? ஆமர் வீதியில் பஸ் நெரிசலில் நின்றபோது விடை வந்தது. இரண்டு. துணையாட்கள் சண்டை பிடிக்கட்டும், மூட்டை தூக்கட்டும், மரியாதையாகப் பொய்யும் சொல்லட்டும். ஆனால் தோணியின் கயிற்றை அவிழ்க்க இரண்டு மனிதர்கள் வேண்டும். ஒருவர் கயிற்றைத் தளர்த்த, மற்றவர் தோணியைப் பிடித்துக்கொள்ள.

எங்கள் புரோகிராமர் ஒருவரிடம் போய் இந்த யோசனையைச் சொன்னேன். சிங்களவர், நான் அவரை அய்யே என்பேன், அவர்கள் மொழியில் அண்ணன்.

"பிஸ்ஸுத நங்கி?" என்றார். பைத்தியமா தங்கச்சி என்று அர்த்தம். "அனுமதி எடுத்தாயா?"

"இல்லை அய்யே."

திரையில் இருந்த தன் வேலையை மூடிவைத்தார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். இரண்டு வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு செய்து முடித்தோம். செய்ததை அண்ணாவின் மேசையில் கொண்டுபோய் வைத்து, "விளையாடிப் பாருங்கோ," என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இரண்டு முறை விளையாடினார். ஒரே ஒரு சேர்வரில், அதாவது விளையாட்டு தனியாக ஓடும் ஒரு கணினியில் மட்டும், ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றார். பங்காளிகளிடமும் அவரே கதைத்தார். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

முதல் வாரமே விளையாட்டுக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். இந்தக் கயிற்றைக் கண்டுபிடித்த மடையன் யார் என்று ஒருவர் எங்கள் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். பதில் போட வேண்டாம் என்பது அலுவலக விதி. நான் போட்டேன்: "மடையன் இல்லை, மடைச்சி. நான்தான். துறையில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்." அதற்காக எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. பலர் அந்தச் சேர்வரை விட்டுப் போனார்கள். சிலர் நின்றார்கள். சேலைக் கடையில் வேலை செய்பவள் நின்றாள், மட்டக்களப்பு நர்ஸும் வந்து சேர்ந்தாள்.

மாத முடிவில் தீர்ப்பு வந்தது. மற்ற எல்லாச் சேர்வர்களிலும் துணையாட்கள் மட்டும் போதும், யாரும் காத்திருக்கத் தேவையில்லை. எங்களுடையது மட்டும் கயிற்றோடு இருக்கலாம், ஆள் இருக்கும்வரை. துணையாட்களை எழுதும் புதிய குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போடுவதாகவும் சொன்னார்கள். அந்தச் சிறிய சேர்வரையே எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். தண்டனை கொடுப்பது போலத் தந்தார்கள், சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

"பெரிய வேலையை வேண்டாமெண்டு சொன்னனியோ?" என்றார் அம்மா.

"ஓம்."

"விசரி." அவருக்கும் நான் பைத்தியம்தான். பிறகு மாமிக்கு போனெடுத்து, மகள் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறாள் என்று சொன்னது காதில் விழுந்தது.

இப்போது அந்தச் சேர்வரை ஒவ்வொரு நாளும் நானே பார்த்துக்கொள்கிறேன். துறையில் ஆட்கள் நிற்கிறார்கள். சண்டை பிடிக்கிறார்கள், சமையல் குறிப்புக் கேட்கிறார்கள், கோபித்துக்கொண்டு போகிறார்கள், அடுத்த நாள் திரும்பி வருகிறார்கள். போன வாரம் அண்ணா என் மேசைக்கு வந்து நின்றார்.

"வாற வருசம் அதை மூடச் சொன்னால் என்ன செய்வீர்?"

"நான் மூடமாட்டன் அண்ணா. மூடத்தான் வேணுமெண்டால் நீங்களே உள்ளை வந்து, அந்தத் துறையில நிக்கிற ஒவ்வொருத்தரிட்டயும் உங்கட வாயால சொல்லுங்கோ."

அவர் தன் மேசைக்குப் போய்விட்டார். நான் அடுத்த மாதத்துக்கான இரண்டாவது துறையை வரையத் தொடங்கினேன். அதற்கு மூன்று பேர் வேண்டும்.