சொறி எண்ணெயும் நிக்கல் பொடியும்

நிக்கல் பொடி என்றால் அதன் கருப்புத்தான் எனக்கு முதலில் நினைவு வரும். கரிக்குக்கூட அந்தக் கருப்பு கிடையாது. விரலிடுக்கில் தேய்த்தால் பொடி இருப்பதே தெரியாது, கறை மட்டும் தெரியும். நெய்யாற்றின்கரைப் பக்கத்து எண்ணெய் ஆலை ஒன்றில், தகர டின்னுக்குள் அது எப்போதும் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். காய விட்டால் தானே தீப்பிடிக்கும். கடலை எண்ணெயைப் பெரிய கலத்தில் சூடாக்கி, இந்தப் பொடியைக் கலந்து ஹைட்ரஜன் வாயுவை விட்டால் எண்ணெய் கட்டியாகிவிடும். அது சோப்புக்குப் போகும். பொடி கரைவதில்லை. வடிதுணியிலிருந்து சுரண்டி எடுத்து மறுபடியும் போடலாம். சுரண்டுவது என் வேலை.

பொடி மேஸ்திரியின் பொறுப்பில் இருந்தது. முன்பு ஒருதடவை கந்தகம் ஏற்றிய பீப்பாயில் எண்ணெய் வந்துவிட்டது. எவ்வளவு வாயு விட்டும் அது உறையவில்லை. "கந்தகம் தொட்டா இவன் செத்தானாக்கும்" என்று பொடியைக் காட்டிச் சொன்னார் மேஸ்திரி. அதற்குப்பிறகு ஒவ்வொரு பீப்பாயையும் அவர் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். அப்படி ஒரு மூக்கு அவருக்கு.

தமிழ் பேசும் எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்த காலம் அது. என் அண்ணன் பாலராமபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தான். ஒரு நாள் ஊர்வலத்தில் போலீஸ் அடிக்கத் தொடங்கியதும் ஓடிவந்து, எங்கள் ஆலையில் பீப்பாய் அடுக்கும் சாய்ப்பில் ஒளிந்தான். போலீஸ் வந்து கேட்டது. மேஸ்திரி போய்ச் சாய்ப்பின் கதவைத் திறந்துவிட்டார். அவரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். அண்ணனின் வலதுகை விரல்களைப் பூட்சால் மிதித்தார்கள். அதன்பிறகு அவனால் தறியில் நாடா எறிய முடியவில்லை.

அவரை அடிக்க எனக்குப் பலம் இருந்தது. அடித்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். அண்ணனுக்கு ஆறவில்லை. அவருக்கும் ஆறக்கூடாது என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சொறி வந்தால் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் அரைத்துப் பூசுவார்கள். வீட்டுக்கு வீடு ஒரு குப்பி இருக்கும். அதில் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போய், மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் நிக்கல் டின்னில் ஊற்றிக் கிளறினேன்.

கலத்தில் எண்ணெய் உறையவில்லை. மறுநாளும் உறையவில்லை. பொடியைக் கெடுத்தவர் என்று முதலாளி மேஸ்திரியை எல்லார் முன்னாலும் ஏசி, வாசலைக் காட்டினார். நான் துணியைச் சுரண்டிக்கொண்டே பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஆனால் யார் செய்தது என்று அவருக்குத் தெரியவில்லையே. அது உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லை பிரித்து, பாறசாலையும் எங்கள் ஊரும் தமிழ்நாட்டோடு சேராமல் கேரளத்தோடு நின்றுபோன பிறகு, காட்டாக்கடைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தார். கிட்டப் போய், "பொடியக் கொன்னது நானாக்கும்" என்றேன்.

அவர் அளப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் மக்கா. அன்னைக்கு ஒனக்க கையில சொறி எண்ணெ மணத்துது. ஒனக்குச் சொறி ஒண்ணும் கெடயாதே."

"பின்ன ஏன் மொதலாளிட்ட சொல்லல்ல?"

"ஒருத்தனக் காட்டிக் குடுத்தது போரும்னு வச்சேன். ஒங்க அண்ணன் சொகமா இருக்கானா?"

நான் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. நான் பறித்தது என்று நினைத்திருந்த வேலையை, அவராக விட்டுக்கொடுத்ததுபோல் ஆக்கிவிட்டார். அண்ணனைக் காட்டிக்கொடுத்த கணக்கு அதோடு தீர்ந்தது என்று அவர் இருந்திருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது அண்ணனின் விரலுக்கு ஈடாகுமா?

சில வருடம் கழித்து மேஸ்திரி செத்துப்போனதாக ஆள் வந்து சொன்னது. அண்ணன் இடது கையால் சட்டையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரட்டா?" என்று கேட்டான்.

"போகண்டாம்" என்றேன். அவன் போகவில்லை.