கை ஆறும்வரை துவைத்த துணிகள்

சென்ற வாரம் ஹட்டனில் ஒரு பெரிய கடைக்குள் சலவைத்தூள் வாங்கப் போனேன். ஒரு சுவர் முழுக்க அதுதான். தூள், திரவம், மிட்டாய்போல உருட்டி வைத்த ஏதோ ஒன்று. கடைப்பெண் வந்து, "மிஷினுக்கா, கைக்கா டீச்சர்?" என்று கேட்டாள். கைக்கு என்றேன். "அப்ப கீழ் தட்டுல பாருங்க. இப்ப யாரும் பெருசா எடுக்கிறதில்ல."

குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசிப்பது என் பழைய வியாதி. முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவளுக்கு அது பத்திரிகை வாசிக்கிற மாதிரி. மூலையில் கிழிந்திருந்த பொட்டலம் எலுமிச்சை மணத்தது. அந்த மணத்துக்குப் பின்னால் தும்மல் வரவைக்கும் சோடாவின் காரம். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் நான் கொட்டகலையில் இருந்தேன்.

முதல் நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டகலைக்கு வந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. ஒரு கடைக்காரர் வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். பள்ளிக்கூடம் முடிந்தால் பேச ஆளில்லை. கடிதம் எழுதுவேன், எழுதி முடித்ததும் மழையைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும்.

துணி துவைக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்குப் போகவேண்டும். மலையில் ஊறிவரும் தண்ணீரைத் தகரக் குழாயில் கல்மேல் விழவிட்டிருப்பார்கள்; அதுதான் பீலி. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சவர்க்காரம் நுரைக்க மறுத்துத் திரிந்துபோகும். இங்கே நேர்மாறு. மழைத்தண்ணீர்போல மென்மையான நீர். ஒரு தடவை சவர்க்காரத்தைத் தேய்த்தால் நுரை போகவே போகாது. முதல் நாள் ஊர்ப் பழக்கத்தில் அரைக் கட்டியைக் கரைத்துவிட்டு, நுரைக்குள் முழங்கைவரை மூழ்கி நின்றேன்.

"என்னங்க டீச்சர், மேகத்த தொவைக்கிறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கொழுந்து பறிக்கிறவள்; பெயர் புஷ்பம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள் என்பதால் புஷ்பமக்கா என்று கூப்பிட்டேன்.

"இல்லை அக்கா, உடுப்புத் தோய்க்கிறன்" என்றேன்.

"தோய்க்கிறதா? தயிரா டீச்சர்?"

பீலியில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொட்டகலைக்கு வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அதன்பிறகு ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. அவர்களோடு பேச எனக்கு வேறு விஷயம் தெரியாது. கொழுந்து பற்றித் தெரியாது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யார் யாரை ஏசினார்கள் என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். எந்தத் தூள் நல்லது என்று ஒருநாள் பேச்சு வந்தபோது, பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து, காரம் பட்டால் நீலமாகும் சிவப்புப் பாசிச்சாயத் தாள்கள் கொஞ்சம் எடுத்துப்போனேன். சவர்க்காரக் கட்டி, பெட்டியில் வரும் தூள், கடைவீதியில் உதிரியாக நிறுத்து விற்கும் பெயரில்லாத தூள் மூன்றையும் தனித்தனியாகக் கரைத்துத் தாளை நனைத்தேன். உதிரித் தூளில் தாள் பட்டென்று கடும் நீலமானது. அழுக்குத் துண்டுகளை ஊறவைத்தபோதும் அதுவே வென்றது. எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போயிற்று.

"சோடா கூடப் போட்டிருக்கு. அழுக்கு நல்லாக் கழரும்" என்றேன், பெரிய நீதவான்போல. கைக்கு அது என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த சந்தோசம் எனக்கு.

அடுத்த மாதம் புஷ்பமக்காவின் மகளைப் பெண் பார்க்க உடப்புசல்லாவையிலிருந்து வருவதாக இருந்தது. கொழுந்து பறிக்கும் விரல்களில் இலைச்சாறு ஏறிக் கறுத்துப்போயிருக்கும். ரேகையெல்லாம் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கையால் வெற்றிலைத் தட்டை நீட்டுவதா என்று புஷ்பமக்காவுக்குக் கவலை. நீலத்தாளில் வென்ற தூளை வாங்கிக் கையில் அப்பித் தேய்த்திருக்கிறாள். தேயிலைக் கறை காரம் பட்டால் இன்னும் கறுக்கும். எலுமிச்சைப் புளி பட்டால்தான் கொஞ்சமாவது வெளுக்கும். எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது. கறுக்கக் கறுக்க இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறாள்.

விசயம் கேள்விப்பட்டுப் போனபோது பத்து விரலிலும் தோல் வெந்து வெடித்திருந்தது. டிஸ்பென்சரியில் களிம்பு பூசித் துணி சுற்றியிருந்தார்கள். இரண்டு வாரம் தண்ணீர் படக்கூடாதாம்.

"என்னாலதான் அக்கா" என்றேன்.

"நீங்க என்னா செஞ்சீங்க? துணிக்குத்தானே சொன்னீங்க. நான்தான் கைக்குப் போட்டுக்கிட்டேன்" என்றாள்.

அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிறு நான் பீலிக்குப் போகவில்லை. அறைக்குள் வாளித் தண்ணீரில் திருட்டுத்தனமாகத் துவைத்தேன். மறுநாள் மாலை கதவடியில் புஷ்பமக்கா நின்றாள்.

"ஏன் டீச்சர் வரல? அங்க எல்லாரும் கேட்டாங்க."

"உங்கட உடுப்பை ஆர் தோய்க்கினம்?" என்று கேட்டேன். மகள் கொழும்பில் கடை வேலை. பெண் பார்க்கும் நாளுக்குத்தான் வருவாள். புருசன் இறந்து ஆறு வருசம். குவிந்து கிடக்கிறது என்றாள்.

நான் போனேன். பதினைந்து நாள், மாலையில் தோட்ட வேலை முடியும் நேரத்தில், அவள் துணிகளைப் பீலியில் துவைத்தேன், வெறும் சவர்க்காரக் கட்டியால். வீட்டுக்காரம்மா, "டீச்சர் போயி அவங்க துணிய தொவைக்கிறதா?" என்று முகம் சுளித்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புஷ்பமக்கா சுற்றிய கைகளை மடியில் வைத்தபடி எதிர்க்கல்லில் இருந்து பேசிக்கொண்டே இருப்பாள். புருசன் விழுந்த நாள், மகள் முதன்முதல் ரயில் ஏறிய நாள், எல்லாம் சொன்னாள். நானும் சொன்னேன், வீட்டுக்குக் கடிதத்தில் எழுதாதவற்றை.

பெண் பார்க்கிற அன்று என்னையும் கூப்பிட்டாள். கட்டுப்போட்ட கையோடு தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் தட்டை வாங்காமல் அந்தக் கையையே பார்த்தார்.

"எதுல தேச்சீங்க?"

புஷ்பமக்கா தலை குனிந்தபடி சொன்னாள்.

அந்த அம்மா முந்தானைக்குள் மறைத்திருந்த தன் கைகளை வெளியே எடுத்தார். அதே கறுப்பு, அதே கோடுகள். "நான் ரெண்டு நாளா புளிய வெச்சுத் தேய்க்கிறேன் சம்பந்தி. எனக்கும் போகல" என்றார். அப்புறம்தான் தட்டை வாங்கினார். சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் புஷ்பமக்கா அழுதுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கை ஆறியிருந்தது. "இனிமே நானே பாத்துக்கிறேன் டீச்சர்" என்று சொல்லி வாளியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் ஆறிவிட்டதே என்று ஒரு கணம் எனக்கு வருத்தமாக இருந்தது. வெட்கக்கேடான உண்மை, இத்தனை வருடத்தில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிறகு எனக்கு நானுஓயாப் பக்கம் மாற்றம் வந்தது. புஷ்பமக்கா மகளோடு உடப்புசல்லாவைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவள் இறந்த செய்தி என்னிடம் வந்துசேர இரண்டு மாதமாயிற்று. என் அண்ணன்மார் வெளிநாட்டில்; ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஓய்வுபெற்றும் நான் இந்தக் குளிரிலேயே தங்கிவிட்டேன்.

கடையிலிருந்து திரும்பிய மறுநாள் பஸ் ஏறிக் கொட்டகலைக்குப் போனேன். தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தை இடித்துத் தனித்தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு குழாய். நல்லதுதான், அந்தக் குளிரில் குடம் சுமந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பீலி இருந்த இடம் முழுக்கப் புல் மூடிவிட்டது. துவைகல்லை யாரோ அத்திவாரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. எல்லா வீட்டு முற்றத்திலும் துணி காய்ந்துகொண்டிருந்தது. யார் எப்போது துவைத்தார்கள் என்று தெரியவில்லை.